பதம் வராத மலை

என் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்த நாற்பது நாளும் அந்தக் கட்டின் மேல் ஒரு விரல் குழி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அரை மணிநேரம்கூட ஆகவில்லை, அக்கா பார்க்க வந்தார். எப்படி விழுந்தாய், நோகிறதா என்று ஒரு சொல் கேட்கவில்லை. வலதுகைச் சுட்டுவிரலை நீட்டிக் கட்டின் மேல் ஓர் அழுத்து அழுத்தினார். மாவு இன்னும் ஈரம். விரல் முதல் கணு வரை உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"பதம் வரேல்லை, தம்பி. ஆட்டாமல் வைச்சிரு," என்றார்.

பிறகு பஸ்ஸில் கண்டவர்கள் எல்லாம் அந்தக் குழி எதற்கு என்று கேட்டார்கள். காற்றுப் போவதற்கு என்று சொல்லிவைத்தேன். கட்டை வெட்டி எடுத்த தாதி மட்டும் நம்பவில்லை.

அக்கா எனக்கு உறவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். பலேர்மோவில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வேலை செய்தோம். அவருக்குச் சமையலும் துப்புரவும். எனக்குக் காரோட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, கிழவர் விழாமல் பார்த்துக்கொள்வது. கிழவர் என்றால் எங்கள் முதலாளி. பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற இஞ்சினியர், எழுபத்தாறு வயது, மனைவியை இழந்தவர். ஊரே அவரை இஞ்சினியர் என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படியே. அவர் எங்கள் பெயர்களைச் சரியாகச் சொன்னதில்லை, நாங்கள் அவர் பெயரைச் சொன்னதேயில்லை. அந்த வகையில் ஒருவருக்கொருவர் குறையில்லை.

அக்கா தன் கண்ணையே நம்பமாட்டார். பிறர் வாயை நம்புவார் என்று நினைப்பதற்கே இடமில்லை. விரலை விட்டுப் பார்க்கவேண்டும். மா குழைத்தால் விரல், பாகு காய்ச்சினால் விரல், அது நியாயம். ஆனால் பலேர்மோவின் சீசா என்கிற பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசற்படியைப் புதுப்பித்து, சுற்றிவர நாடா கட்டி, தொடவேண்டாம் என்று பலகையும் வைத்துவிட்டு மேசன் சாப்பிடப் போனபோது, நாடாவுக்குக் கீழே குனிந்து சீமெந்துக்குள் விரலை விட்டவர் அவர். அந்த ஓட்டை இன்றும் படியில் இருக்கிறது. மழை பெய்தால் அதில் ஒரு கரண்டி தண்ணீர் நிற்கும்.

ஒருமுறை இனிப்புக் கடையொன்றில் கன்னோலிக் குழலுக்குள் அடைக்கிற ரிக்கோத்தாப் பாற்கட்டியை, கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டார். கடைக்காரன் குதித்த குதிப்பில் கோப்பியோடு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அக்கா அசையவில்லை. "தண்ணி" என்று இத்தாலிய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். அவன் வீறாப்பாக ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டான். பிறகு பேசாமல் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறுவார். யாழ்ப்பாணத்தில் அம்மனுக்குச் செய்ததைக் குறைவில்லாமல் இங்கே அந்தப் புனிதைக்குச் செய்தார். அங்கேயும் தான் ஏற்றிய மெழுகுதிரியின் உருகிய மெழுகில் விரல் வைத்துப் பார்க்காமல் நேர்த்தியைச் சொல்லமாட்டார். பதம் வராத மெழுகில் கேட்டது பலிக்காது என்பது அவராகச் செய்துகொண்ட சட்டம்.

தெரிந்த ஒரு வீட்டில் பெண் பார்க்க பகேரியாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். அக்காதான் தேத்தண்ணி கொடுத்தார். வெறும் கோப்பையைத் திரும்ப வாங்கும் சாட்டில் அவன் உள்ளங்கையில் விரலால் ஓர் அழுத்து. பிறகு குசினிக்குள் வந்து பெண்ணின் தாயிடம், ஆள் நல்லவன், ஆனால் ஆறு மாதம் போகட்டும் என்றார். அவர்களும் ஏன் எதற்கு என்று கேளாமல் ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். பையன் அந்த ஆறு மாதமும் தன் கையைத் தானே அழுத்திப் பார்த்துக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி.

ஒரே ஒரு இடத்தில்தான் அந்த விரல் தோற்றது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது விரலடையாளம் எடுக்கிற கண்ணாடியில் வைத்தால், ஒன்றும் விழவில்லை. பதினெட்டு வருடம் குளோரின் தண்ணீரில் ஊறி ரேகை எல்லாம் அழிந்துபோயிருந்தது. அதிகாரி துடைத்தார், ஊதினார், ஐந்து முறை வைத்துப் பார்த்தார். உலகத்தையெல்லாம் பதம் பார்த்த விரலை அந்த மெசின் பதமில்லை என்று சொல்லிவிட்டது. அக்கா இரண்டு நாள் எதற்குள்ளும் விரல் விடவில்லை. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

இப்போது அவர் நோர்வேயில், தங்கச்சி வீட்டில் இருக்கிறார். ஆறு மாதம் பனிக்குள் சீவியம். தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்க முன்னர், இன்றைய பனி எப்படி என்று சொல்லுவார். "இஞ்சை இவ்வளவு பனி கிடக்கு, ஒருத்தரும் தொட்டுப் பாக்கினமில்லை," என்பது அவருடைய நிரந்தர முறைப்பாடு. பனிக்கும் அவருக்கும் இந்தப் பழக்கம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் இஞ்சினியர் வீட்டுச் சட்டியின் மூடியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அந்த வீட்டில் அக்கா "ப்ரோன்தோ" என்று சொல்லும்வரை எவரும் மூடி திறக்கக்கூடாது. ப்ரோன்தோ என்றால் தயார் என்று அர்த்தம். பதத்துக்கு இத்தாலிய மொழியில் சொல் இல்லாததால் அக்கா அதை வைத்துச் சமாளித்தார். நான் சேர முன்னர் ஒரு நாள் இஞ்சினியர் பசியில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டாராம். அக்கா அடுப்பை அணைத்தார், ஏப்ரனைக் கழற்றினார், பஸ் ஏறி சீசாவுக்கு வந்துவிட்டார். கிழவர் இரண்டு நாள் வெறும் பாண் ரொட்டியைத் தின்றுவிட்டு, மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் குசினிக்கு வெளியே நடை ஓடையில் நின்று, "ப்ரோன்தோ?" என்று கேட்பார். "நோ" என்று பதில் வந்தால் திரும்பிப் போய் நாற்காலியில் இருப்பார். ஆற்றுக்கு மேலால் பாலம் போட்ட மனிதர்.

புட்டு என்றால் அவருக்கு உயிர். ஆனால் அதை ட்ராப்பனிப் பக்கத்தில் கோதுமைக் குறுணியில் அவிக்கிற குஸ்குஸ் என்றே சொல்லுவார். அக்காவுக்கு அது பெரிய அவமானம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு சந்திப்பு இருந்தது. மனைவியையும் மகளையும் இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம். நான் இலங்கையை விட்டு வரும்போது மகளுக்கு ஒரு வயது. இப்போது ஐந்து. என்னுடைய வேலைக்கும், நாங்கள் இருக்கப்போகிற சீசா வீட்டுக்கும் இரண்டுக்குமே கையெழுத்துப் போடவேண்டியவர் இஞ்சினியர், வீடும் அவருடையதுதான். அவர் நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, உத்தியோகத்தர் முன்னால் போடவேண்டும். அந்தத் திங்கட்கிழமையைப் பிடிக்க மூன்று மாதம் காத்திருந்தேன். அதுவரை கிழவரை ஒரு முட்டையைப் போல வைத்திருந்தேன். தும்மினால் தொப்பி, இருமினால் தேன்.

முட்டைக்கோ மலைக்குப் போக ஆசை வந்துவிட்டது. கடற்கரையிலிருந்து ஒன்றரை மணிநேரம் ஓடினால் மதோனியே மலைகளில் குளிர்காலத்தில் பனி கிடக்கும் என்பதை நான் இங்கே வந்த புதிதில் நம்பவேயில்லை. அவர் இளமையிலிருந்து அங்கே சறுக்குகிறவர். கம்பி இழுத்து ஏற்றிவிடுகிற இடத்தில் அல்ல. தானே ஏறி, ஆளில்லாத சரிவில் இறங்குகிற வகை. கூடப் போகிற சிநேகிதர்கள் முழங்கால் போய் வீட்டில் இருந்துவிட்டார்கள். வியாழன் பனி கொட்டியது. வெள்ளியும் சனியும் பேய்க் காற்று. துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் நேரத்துக்குப் புறப்படவில்லை. சீசாவில் கொடியில் கிடந்த என் பனியன் எதிர்வீட்டு பால்கனியில் போய் விழுந்தது. ஞாயிறு விடிய வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது. கிழவர் சறுக்குப் பலகைகளோடு வாசலில் நின்றார். மத்தியானத்துக்குச் சூடான புட்டு வேண்டுமாம். ஆகவே அக்காவும் வரவேண்டுமாம்.

இஞ்சினியர் இறந்துபோன மனைவியின் ரோசா நிறக் குளிர்ச்சட்டையை அக்காவுக்குக் கொடுத்தார். காரில் போகும்போது தொலைபேசியைப் பார்த்து, இன்றைக்கு வலாங்கா ஆபத்து ஐந்தில் மூன்று என்று வாசித்தார்.

"வலாங்கா எண்டால் என்ன காய், தம்பி?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டார்.

காய் அல்ல, பனிச்சரிவு, மலையிலிருந்து பனி பெயர்ந்து வந்து ஆளை மூடுவது என்று விளக்கினேன். ஐந்தில் மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது, பாஸ்தானே என்றும் ஆறுதல் சொன்னேன். அந்தப் பரீட்சையில் புள்ளி கூடக் கூடத்தான் சாவு என்பது எனக்கு அன்று தெரியாது. கிழவருக்குத் தெரியும். ஆனால் அவர் மூன்றை நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டார். ஆசை வந்தால் படித்தவனும் என்னைப் போலத்தான் கணக்குப் பார்ப்பான்.

காரை நிறுத்திவிட்டு ஒரு மணிநேரம் மரங்களுக்கிடையே ஏறினோம். கிழவர் பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒட்டி வழுக்காமல் நடந்தார். அக்காவுக்கும் எனக்கும் டென்னிஸ் மட்டை போன்ற ஒன்றைக் காலில் கட்டிவிட்டார். நான் ஏழு முறை விழுந்தேன். அக்கா ரோசாச் சட்டையில் புட்டுப் பெட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு, விறகுக்குப் போகிறவர் மாதிரி நேராக நடந்தார். போகும் வழியெல்லாம் குனிந்து பனிக்குள் விரலை விட்டார். கையுறையின் சுட்டுவிரலை அதற்கென்று வெட்டியே வைத்திருந்தார்.

மேலே போனதும் எனக்கே விசித்திரமாக இருந்தது. நாங்கள் ஏறிய பக்கத்தில் காற்றுப் பனியை வழித்துக் கல்லைக் காட்டியிருந்தது. அந்தப் பனியெல்லாம் மறுபக்கச் சரிவில் போய்க் குவிந்து கிடந்தது. விளிம்பில் பனி தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம், ஒரு கீறல் இல்லை. கிழவரின் முகத்தைப் பார்த்தேன். பதினாறு வயசுப் பெடியனின் முகம். அந்தக் கிண்ணத்துக்குள்தான் இறங்கப் போகிறாராம். நான் மரங்களோடு சுற்றி இறங்கி, சரிவின் அடியில் நின்று அவரைத் தொலைபேசியில் படம் எடுக்கவேண்டுமாம்.

இரண்டடி வைத்தேன். காலுக்குக் கீழே "உம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. நின்ற இடம் ஒரு விரற்கடை கீழே இறங்கினதுபோல இருந்தது. பனி இறுகுகிற சத்தம், ஒன்றுமில்லை என்றார் இஞ்சினியர். அக்கா என்னைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். "வயிறு இரையுது. உது ஒழுங்காக் கிடக்கிற வயிறில்லை," என்றார்.

ஆனால் கிழவர் மடையர் இல்லை. முறைப்படி சோதித்துத்தான் இறங்குவேன் என்று, பெரிய சரிவிலிருந்து விலகி ஓரமாக ஒரு குழி வெட்டச் சொன்னார். இடுப்பளவுக்கு வெட்டினேன். குழிச் சுவரில் பனியை ஒரு தூண் மாதிரி அறுத்துவிட்டு, அதன் தலையில் பனி அள்ளுகிற சவளை வைத்துத் தட்டவேண்டும். முதல் பத்துத் தட்டு மணிக்கட்டால், அடுத்த பத்து முழங்கையால், கடைசிப் பத்துத் தோளால். எவ்வளவு குறைந்த தட்டில் தூண் உடைகிறதோ அவ்வளவு ஆபத்து. மணிக்கட்டால் மூன்றாவது தட்டு. தூணின் மேல்பாதி பலகை மாதிரி நழுவி என் மடியில் வந்து விழுந்தது.

நீ மூச்சு விட்டாய் என்றார் இஞ்சினியர். இன்னொரு தூண் அறுத்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை இரண்டாவது தட்டிலேயே வந்துவிட்டது. கிழவர் சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். பிறகு இந்த இடம் பாறைக்குப் பக்கத்தில் இருப்பதால் மாதிரி சரியில்லை, நடுச் சரிவில் நன்றாக இருக்கும் என்றார். நடுச் சரிவில் எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். இறங்கித்தான் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கிழவரில் பிரியம் இருந்தது. என் மகளின் படத்தைத் தன் மேசையில் வைத்திருந்த மனிதர். ஆனால் அந்த நேரம் நான் சாந்தா ரொசாலியாவிடம் கேட்டது அவருடைய உயிரை அல்ல. திங்கட்கிழமை பத்தரை மணிவரை அவருடைய வலது கையை மட்டும் காப்பாற்றித் தா என்றுதான் கேட்டேன். அடியில் படம் எடுத்துக்கொண்டு நிற்கப்போகிறவன் நான் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அக்கா புட்டுப் பெட்டியை என் கையில் தந்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மேலிருந்து கீழாக, சுவரில் நான்கு இடத்தில் விரலை விட்டார். முதல் இடத்தில் விரல் போகமாட்டேன் என்றது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் சும்மா உள்ளே போய், சீனி போலக் குறுணி குறுணியாகப் பனி கொட்டியது. நான்காவதில் திரும்பவும் கல்.

"இஞ்சை பார், தம்பி. மேலை ரெண்டு சாண் அவிச்ச மா. காத்து அமத்தி அமத்தி அடைச்சிருக்கு. அதுக்குக் கீழை தேங்காய்ப்பூ. இது குழல்புட்டு. தேங்காய்ப்பூ கிடக்கிற இடத்திலைதான் கழரும். உந்தாளுக்குச் சொல்லு."

பனிக்குள் தேங்காய் இருக்கிறதாம் என்று இஞ்சினியருக்கு மொழிபெயர்த்தேன். மதோனியேயிலா என்று கேட்டார்.

அக்காவுக்கு என் இத்தாலியனில் நம்பிக்கை போய்விட்டது. பெட்டியைத் திறந்து, துணி சுற்றியிருந்த ஒரு புட்டை எடுத்தார். ஆவி பறந்தது. அதை இரண்டு கட்டும் நடுவே தேங்காய்ப்பூவும் இருக்கும்படி அளவாக முறித்து, பெட்டி மூடியில் நிறுத்திவைத்தார். பிறகு மூடியை மெல்லச் சரித்து, பின்னால் தெரிந்த மலையின் சரிவோடு ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சரித்தார். புட்டு நின்றது. கிழவர் பாருங்கள் என்பதுபோலத் தலையாட்டினார். அக்கா சுட்டுவிரலால் உச்சியில் ஒரு தட்டுத் தட்டினார். தேங்காய்ப்பூவுக்கு மேலே இருந்த கட்டு முழுசாக நழுவி, இஞ்சினியருடைய சப்பாத்தில் விழுந்து உதிர்ந்தது.

மூவருக்கான சாப்பாட்டில் ஒரு பங்கு போய்விட்டதே என்பது என் முதல் கவலை. கிழவரோ குனிந்து சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, ஒரு மனிதனின் பாரத்தைப் பலகை பரப்பிவிடும், பாலமும் அப்படித்தான் நிற்கிறது என்று தொடங்கினார். கையை வேறு ஆட்டினார். காலைப் பலகைக்குள் பூட்டப் போனார்.

அக்கா மூடியைப் பெட்டியில் போட்டு அழுத்தி மூடினார்.

"இஞ்சினியர்," என்றார். "நோன் ஏ ப்ரோன்தோ."

இன்னும் தயாரில்லை. குசினியிலிருந்து வருகிற அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிழவருடைய கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. பதினொரு வருடம் ஓடையில் நின்று பழகின கால். அவர் அதைக் கீழே வைத்தார். மலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு எவ்வளவு பணிவாகக் கேட்டார் தெரியுமா, எப்போது தயாராகும் என்று. அக்கா விரலை இன்னொருமுறை பனியில் விட்டு யோசித்து, செவ்வாய்க்கிழமை வந்து திரும்பத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மத்தியானத்துக்குள் ஆகாதா என்று கிழவர் கேட்டார். ஆகாது. அவர் முதுகுப் பையின் மேல் உட்கார்ந்தார். நாங்கள் புட்டைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நாங்கள் கைகழுவ முன்னர் மூன்று பெடியன்கள், இரண்டு காலையும் ஒற்றைப் பலகையில் பூட்டிச் சறுக்குகிறவர்கள், பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். குழியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. கிழவர் கையைக் காட்டிக் கத்தினார். அதைச் சலாம் என்று நினைத்து அவர்களும் கையைக் காட்டினார்கள். ஒருவன் பின் ஒருவனாக அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மூவரும் அடியில் நின்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கிண்ணத்தில் மூன்று அழகான கோடுகள். மலை ஓர் இருமல்கூட இருமவில்லை.

இஞ்சினியர் அக்காவைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் சொல்லமுடியாது. அவர் வாழ்நாளில் அந்தக் கோடுகளைப் போட இனி எத்தனை குளிர்காலம் இருக்கப்போகிறது. ஏறின வழியாலேயே, மரங்களுக்கிடையால் இறங்கினார். பலேர்மோ வந்ததும் கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனார். திங்கட்கிழமைக்கு வருவாரா என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

அக்காவை சீசாவில் இறக்கும்போது கேட்டேன். "அந்தாள் இறங்கியிருந்தால் கழண்டிருக்குமோ, அக்கா?"

"எனக்கென்ன தெரியும்."

"தெரியாமலோ அப்பிடி அடிச்சுச் சொன்னனீங்கள்?"

"தெரிஞ்சால் நான் ஏன் விரலை விட்டுப் பாக்கிறன்? தெரியாததாலைதான் வேண்டாமெண்டனான்," என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினவர் நின்று, "உன்ரை பிள்ளை வரவேண்டிக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு, தன்னுடைய ஓட்டை இருக்கிற படியைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அலுவலக வாசலில் நானும் அக்காவும் நின்றோம். பத்தாகியது. பத்து ஐந்தாகியது. அப்போதுதான் ஒரு டாக்சி வந்தது. கிழவர் கழுத்துப் பட்டி கட்டி, ஏதோ ஒரு பாலத்தைத் திறந்துவைக்கப் போகிறவர் மாதிரி இறங்கினார். எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து அடையாள அட்டையை எடுத்துப் போட்டார். உத்தியோகத்தர் முத்திரை குத்தித் தாள்களை அவர் பக்கம் தள்ளினார். கிழவர் பேனையைத் திறந்தார். எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

அவர் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்து, "ப்ரோன்தோ?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்டாரா, பகிடிக்குக் கேட்டாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. கேள்வி கேட்டால் பார்த்துத்தான் பதில். எழுந்து வந்து முத்திரையின் மேல் விரலை வைத்தார். மை ஈரம். ரேகை இல்லாத விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. இல்லை என்று தலையாட்டினார். உத்தியோகத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இஞ்சினியர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். நான்கு பேரும் அந்த மையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் இருந்தோம். அக்கா திரும்பத் தொட்டுப் பார்த்து "ப்ரோன்தோ" என்றார். கிழவர் கையெழுத்துப் போட்டார். எல்லாப் பக்கத்திலும்.

செவ்வாய்க்கிழமை மலைக்குப் போகவில்லை. தெற்கிலிருந்து சூட்டுக் காற்று அடித்து, அந்த வாரமே பனி கரைந்து தண்ணீராய்ப் போய்விட்டது. அந்தக் கிண்ணம் கழன்றிருக்குமா, கழன்றிருக்காதா என்று இனி மலையே சொல்லாது. இஞ்சினியர் அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் சறுக்கினார், இரண்டிலும் அக்கா ரோசாச் சட்டையோடு கூடப் போனார்.

எட்டு மாதம் கழித்து என் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு அக்காவும் வந்திருந்தார். கதவு திறந்தது. தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தொலைபேசியில் மட்டும் நான் பார்த்து வளர்ந்த பிள்ளை நின்றது. நான் கையை விரித்துக்கொண்டு ஓடினேன். அவள் என்னைப் பார்த்து, தாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் இன்னும் கிட்டப் போனேன். முகம் கோணி, இதோ அழப்போகிறாள் என்கிற நேரம், என் நெஞ்சுக்குக் குறுக்கே அக்காவின் கை வந்து விழுந்தது.

"பொறு, தம்பி. பதம் வரேல்லை."

"நாலரை வருசம் பொறுத்தனான் அக்கா."

"நீ பொறுத்தனி. அவள் உன்னைக் கண்டே ஒரு நிமிசம். அமத்தாதை. ரெண்டு நாள் விடு, தன்ரை பாட்டிலை இறுகும்."

அந்த இரண்டு நாளும் எனக்கு மலையில் நின்ற நேரத்தைவிட நீளமாக இருந்தது. முதல் நாள் என்னை மாமா என்றாள். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான் குசினிக்குள் போனால் அவள் அறைக்குள் போனாள். அக்கா மட்டும் வேலை முடிந்து வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாவில், பாகில், பழத்தில், தலையணையில் என்று அவர் விரல் விட்டுக்கொண்டிருந்ததை, பிள்ளை கதவு மறைவில் நின்று கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மனைவி பிறகு சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை, குசினி நாற்காலியில் பத்திரிகையை விரித்து வாசிக்கிற பாவனையில் இருந்தேன். வெறுங்கால் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சுக் கேட்டது. பிறகு என் கன்னத்தில் ஒரு சின்னச் சுட்டுவிரல் வந்து அழுத்தியது. எடுத்தது. இன்னொருமுறை, கொஞ்சம் கீழே, அழுத்தியது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பத்திரிகையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.